மூன்றாவது கேப்

“டிகிரி கை வச்ச பிளாக்கு. சுத்தினாத்தான் அதிசயம்” என்றார் முதலாளி. தள்ளுவண்டியிலிருந்து இறக்கிய எஞ்சின் பிளாக்கை ஷூ முனையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பட்டறையில் அவளுக்கு டிகிரி என்றுதான் பெயர். அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், எஞ்சின் துளைகளைக் கடைகிற போரிங் மெஷினில் நிற்கிற ஒரே பெண். அவளைப் பற்றிப் பேசுவார்கள், அவளிடம் பேச மாட்டார்கள். ஃபிட்டர் ஒருவன் செய்த தப்பை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்த நாளிலிருந்து, சாப்பிடும்போது அவள் பக்கத்து ஸ்டூலில் அவள் பை மட்டும்தான் உட்கார்ந்திருந்தது.

அவள் கடைந்து அனுப்பிய இந்த பிளாக் திரும்பி வருவது இது மூன்றாவது தடவை. இப்போதும் கோளாறு என்றால் மெஷினை விட்டு இறங்கி, பாகம் கழுவுகிற தொட்டிக்குப் போய்விட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். தொட்டி கழுவத்தான் கடன் வாங்கிப் படித்தாளா? பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள்.

பிளாக்குக்குச் சொந்தக்காரரான வேன்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வயதான மனிதர், சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

போன இரண்டு தடவையும் கேப்களை இடம் மாற்றி மாட்டித்தான் கொண்டுவந்தார். அவள் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ‘எங்க வீட்டம்மாவும் இப்படித்தாம்மா’ என்றார். பொம்பளை வாயைத் திறந்தாலே இவர்களுக்கு இளக்காரம் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டினது மெக்கானிக், எஞ்சினைப் பற்றித் தனக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது என்று சாதித்தார். முதலாளிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பிளாக் திரும்பி வந்தது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

கேப் என்பது எஞ்சினுக்குள் சுழல்கிற தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிற இரும்பு மூடி. இதில் ஐந்து உண்டு. மூடியை மாட்டி இறுக்கிய பிறகுதான் ஐந்து துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைவார்கள். ஒவ்வொன்றிலும் எண்ணும், முன்பக்கம் பார்க்கிற அம்புக்குறியும் இருக்கும். ஒன்றே ஒன்றைத் திருப்பிப் போட்டாலும் ஷாஃப்ட் இறுகி நின்றுவிடும்.

எண்ணெயைத் துடைத்தாள். மூன்றாவது கேப்பின் அம்பு பின்பக்கம் பார்த்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண் முன்னாலேயே ஐந்தையும் கழற்றினாள். தாங்கிப் பிடிக்க வேறு யாரும் வராததால் ஒவ்வொன்றாக வேன்காரரிடம் நீட்டினாள். தள்ளுவண்டிக்காரன் வழியெல்லாம் முணுமுணுத்ததைச் சொல்லிக்கொண்டே அவர் வாங்கி மேஜையில் வைத்தார்.

பிறகு ஒவ்வொரு கேப்பாக எடுத்து மாட்டினாள். ஒன்றை இறுக்குவதும் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பார்ப்பதுமாகப் போனாள். ஐந்தும் இறுகிய பிறகு ஒரே கையால் தள்ளினாள். ஷாஃப்ட் வெண்ணெயில் கத்தி போனதுபோல வழுக்கிக்கொண்டு சுற்றியது.

“அப்ப மாட்டினவன்தான் முட்டாள்” என்றார் முதலாளி. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

தொட்டியிலிருந்து தப்பினாள். இனி வேன்காரர் பாக்கி. இடுப்பில் கையை வைத்துத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

மேஜையிலிருந்து எடுத்த கேப்களில் ஒன்றைக்கூட அவள் தேடவில்லை, திருப்பவில்லை. மூன்றாவது உட்பட ஐந்தும் எண் வரிசையில், அம்பு முன்பக்கம் பார்க்க, கைக்கு வாகாக இருந்தன. வண்டிக்காரன் கதையைப் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல் வைத்தவர் இவர்.

“மெக்கானிக்னு யாருமே இல்ல, இல்லையா? நீங்கதான் திருப்பிப் போட்டீங்க.”

அவர் மறுக்கவில்லை. பஸ் டிப்போவில் காலமெல்லாம் ஃபிட்டராக இருந்ததைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஃபிட்டர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். தன்னைத் துரத்த உள்ளே இருக்கிறவர்கள்தான் இவரைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குச் சட்டென்று தோன்றியது. குரலைத் தாழ்த்தி, யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றார். அவள் வேலைக்கு உலை வைக்கும் என்று சத்தியமாகத் தெரியாது, இப்போதே முதலாளியிடம் போய் ஒப்புக்கொள்கிறேன் என்றார்.

“வேன் எங்க நிக்குது?”

“வேனை வித்தாச்சும்மா. எஞ்சினை மட்டும்தான் வச்சிருக்கேன்.”

“உங்க வீட்டம்மாவுக்கு ஃபோன் போடுங்க. இந்தக் கூத்தெல்லாம் அவங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்.”

“அவ போய்ச் சேர்ந்துட்டாம்மா.”

இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஷாஃப்ட்டை இன்னொரு தடவை சுற்றிவிட்டாள். பட்டறையின் மறுகோடியில் ஆண்கள் எதற்கோ சிரித்தார்கள்.

பிளாக்கை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கையால் காட்டினாள். வேன்காரர் நகரவில்லை. தலையைக் குனிந்து, கையைக் கட்டி, எதற்கோ காத்திருப்பவர்போல நின்றார்.

“இன்னிக்கு இன்னும் ஒண்ணுமே திட்டலையேம்மா.”