அன்றைக்கு மழை இல்லை

"அன்னைக்கு மழையே பெய்யலை சார்" என்றாள் அந்தப் பெண். "நீங்க வீடியோவில சொன்னது தப்பு."

யூடியூபில் குற்றக் கதைகள் சொல்லும் அந்தச் சேனல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் பாதியை மாஸ்க்கும் மீதியைக் கறுப்புக் கண்ணாடியும் மறைத்திருக்க, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். விளம்பரம் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்தாள்.

"கொலைகாரன் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்!" என்று அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் பேசி, லட்சம் பேரின் தூக்கத்தைக் கெடுக்கிறவர்தான் அவர். சொந்த வீட்டில் ஒரு கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுவார். அந்த மனைவியும் இப்போது வேலைக்குப் போயிருந்தாள்.

"மழை பெய்யலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அவ செருப்புகூடப் போடாம வீட்டுப் பின்வாசல் வழியாத்தான் போனா. அந்தத் தையல் கடைக்காரர் அவளை ஒண்ணுமே பண்ணலை. அவரைப் போய் கொலைகாரர்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களே, நியாயமா?"

ஐந்து வருடத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு பெண்ணின் வழக்கு அது. அவள் வேலை பார்த்த தையல் கடை முதலாளியின் மேல் சந்தேகத்தைத் திருப்பி, போன வாரம்தான் வீடியோ போட்டிருந்தார். வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் கடையின் மேல் கல்லும் விழுந்தது.

விவரம் முழுக்கக் கொடுத்தது காணாமல் போனவளின் அண்ணன். பாவம், கேமரா முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வீடியோ பாத்துட்டு யாராவது உங்களைத் தேடி வந்தா, போலீசுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க சார். மனசு கெடந்து தவிக்குது."

செருப்பு விஷயம் வீடியோவில் கிடையாது. கூடவே இருந்தவர்களுக்குத்தான் அது தெரிந்திருக்கும். அப்படியானால் எதிரில் இருக்கும் இவள் யார், கொலைக்குக் கூட்டாளியா?

முன்னறையையே ஸ்டுடியோவாக்கி, சத்தம் வெளியே போகாதபடி சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை அடித்து வைத்திருந்தார். இங்கே எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. காசைக் கொட்டி அப்படிச் செய்த தன் புத்தியை நொந்துகொண்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, அந்த அண்ணனுக்கு மெசேஜ் தட்டினார். 'ஒரு பொண்ணு வந்திருக்கா. எல்லாம் தெரிஞ்சிருக்கு. உடனே வாங்க.'

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. 'பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன். அவளைப் போக விடாதீங்க.'

போகிற போக்கில் வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு சார் பூட்டுறீங்க?"

"அது... பூனை வருதும்மா."

அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "கேமரா எதுவும் ஓடலையே?"

"சத்தியமா இல்லை."

அவள் கை பைக்குள் போனது. கத்தியா, துப்பாக்கியா? அவர் கேமரா ஸ்டாண்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். கும்பிடாத சாமியெல்லாம் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தது ஒரு கைக்குட்டை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாஸ்க்கை மெல்லக் கீழே இறக்கினாள்.

இடது புருவத்தின் மேல் அதே தழும்பு. வீடியோவின் முகப்புப் படத்துக்காக அவரே பெரிதாக்கிப் போட்ட அதே முகம்.

"நான் சாகலை சார்" என்றாள். "வேலை குடுத்த பாவத்துக்கு அந்த மனுஷன் கல்லடி படுறாரேன்னுதான் வந்தேன். வீடியோவை எடுத்துடுங்க. என்னைப் பாத்ததை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சேனல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பயந்ததை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

"அடடா, உயிரோட இருக்கீங்களா! உங்க அண்ணன் எவ்வளவு சந்தோஷப்படுவார் தெரியுமா? அவருக்குச் சொல்லிட்டேம்மா. இதோ வந்துட்டே இருக்கார்!"

அவள் முகம் வெளிறிப்போனது. பாய்ந்து போய் வாசல் கதவைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. சுட்டதைப் போலக் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் சுவரோரமாகப் பின்வாங்கினாள்.

"என்னம்மா, கூடப் பிறந்தவர்தானே! கோபமெல்லாம் இன்னுமா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைத் திருப்பினார்.

அண்ணன் உள்ளே வந்தார். இன்றைக்கு அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. தங்கையை ஒரு முறை பார்த்தார். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தானே போட்டார். பிறகு திரும்பி, சேனல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தேடாத இடமில்லை. கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க சார், ரொம்ப நன்றி."