அந்தரத்தில் இன்னாசி

எந்தப் பொருளையும் குறை சொல்லியே பாதி விலைக்கு வாங்கிப் பழகியவர் பருப்புக்கடை தவசிமுத்து. செய்யது பாயின் பழைய சாமான் கடையிலும் அப்படித்தான் தொடங்கினார். கையில், அந்தக் காலத்தில் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வந்த கூடைப்பந்து அட்டை. அவரிடம் இல்லாத ஒரே அட்டை. அதில் ஆட்டக்காரர் இன்னாசி அந்தரத்தில் நிற்கிறார். பந்து இன்னும் விரல்நுனியில்.

“முனை மடங்கிருக்கு பாய். சாயமும் போயிருச்சு.”

“இது ஃபைனல்ல அவரு கடைசியா எறிஞ்ச பந்து அண்ணாச்சி. கூடையில விழலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பாதி விலைக்குத் தாரேன்.”

தவசிமுத்து வாயைத் திறந்தார். குதிகால்கள் தாமாக எம்பின; மணிக்கட்டு காற்றில் ஒரு பந்தை வீசியது.

“விழுந்துச்சுய்யா! வளையத்துல படாம விழுந்துச்சு! குதிச்ச குதியில கேலரியிலேருந்து என் செருப்பே கீழ போயிருச்சு!” முழு விலையையும் எடுத்து வைத்தார்.

அட்டையை நீட்டிய பாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“கீழ நின்னது நான்தான் அண்ணாச்சி. தலையில விழுந்த ஒத்தச் செருப்பு இன்னும் எங்க வீட்லதான் கெடக்கு. என்ன விலை தருவீங்க?”

தவசிமுத்து முகத்தைச் சுளித்தார்.

“வார் அந்துருக்குமே பாய்.”