நாற்பத்தொரு பேர்

“வண்டிய நிப்பாட்டுங்கப்பா.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. வேனை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார்.

அடிவாரத்துச் சித்தரேவு தாண்டியாயிற்று. போனில் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னும் இரண்டு வளைவு ஏறினால் போனில் சிக்னல் இருக்காது. அவள் மடியிலிருந்த சீர்த்தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

காலை ஒன்பதே முக்கால்.

மேலே, மலையில், அத்தை காத்திருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு இன்று காதுகுத்து. பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

தாய்மாமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

திரையில் மூன்று கட்டங்கள். இரண்டு பச்சை. ஒன்று சிவப்பு.

ஏழு மாவட்டத்து மருத்துவமனைகள் ரத்தம் தேடுகிற இணையதளம் அது. எந்தப் பிரிவு ரத்தம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே கேட்டு எழுதலாம். அதைச் சுமப்பவை மூன்று சர்வர்கள். எங்கோ மும்பையில் இருக்கின்றன. அவள் அவற்றை நேரில் பார்த்ததில்லை. எட்டு மாதமாக, இருந்த இடத்திலிருந்தே அவற்றைக் கவனித்துக்கொள்கிறாள்.

சிவப்பாக இருந்த சர்வரின் நினைவகம் தொண்ணூற்று நான்கு சதவீதம் நிரம்பியிருந்தது. நூறைத் தொட்டால் தானாக விழுந்துவிடும்.

சென்னை அலுவலகத்திலிருந்து நவாஸ் கூப்பிட்டான். வேலையில் அவளுக்கு மூத்தவன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ரீஸ்டார்ட் பண்ணிடு. ஒரு நிமிஷ வேலை.”

“உள்ள நாப்பத்தொரு பேர் எழுதிட்டு இருக்காங்க நவாஸ். எல்லாம் அழிஞ்சிரும்.”

“மறுபடி வந்து எழுதிக்குவாங்க.”

“ரத்தம் கேட்டு எழுதுறாங்க.”

“உன் இஷ்டம். அதுவா விழுந்துச்சுன்னா உன் பேர்லதான் வரும்.”

“வரட்டும்.”

“புதுசா யாரையும் இதுல விடல, மத்த ரெண்டுக்கும் அனுப்புறேன்,” என்று போனில் சொல்லியபடி அவள் ஒரு வரி தட்டினாள். இனிப் புதிதாக வருகிறவர்கள் மற்ற இரண்டுக்கும் போவார்கள். இந்த சர்வருக்கு யாரும் வர மாட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் எழுதி முடித்து வெளியேற வேண்டும்.

காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நாற்பத்தொன்று.

முப்பத்து மூன்று.

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. பின்சீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

பதினெட்டு. தொண்ணூற்றாறு சதவீதம்.

ஏழு.

ஒன்று.

அது ஒன்றிலேயே நின்றது. “இன்னும் ஒரு ஆள் இருக்கு,” என்றாள்.

ஏதோ ஒரு வார்டில் ஒரு நர்ஸ், ஒற்றை விரலால் தட்டித் தட்டி நோயாளியின் பெயரை எழுதிக்கொண்டிருக்கலாம். பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். அவளுக்குத் தெரியாது. அங்கே ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

தொண்ணூற்றெட்டு சதவீதம்.

மணி பத்து பதினாலு.

“ஏம்மா, ஒரு ஆளுக்காகவா இத்தனை பேரும் ரோட்ல நிக்கிறோம்?” ராசாங்கம் மாமா, அம்மாவின் தம்பி, வாட்சைத் தட்டினார்.

“இரு மாப்ள,” என்றார் அப்பா. திரும்பவில்லை.

உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பட்டு.

தொண்ணூற்றொன்பது.

ஒன்று, பூஜ்யமானது.

அவள் ரீஸ்டார்ட்டை அழுத்தினாள்.

கட்டம் கறுத்தது. நாற்பது வினாடி. என்னவென்றே தெரியாதவர்கள்கூடத் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

பச்சை.

பன்னிரண்டு சதவீதம். புதியவர்கள் வர வழியைத் திறந்துவிட்டாள். நான்கு பேர் வந்தார்கள். பிறகு ஒன்பது பேர்.

ஏழு மாவட்டத்தில் ஒருவருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியாது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. லேப்டாப்பை மூடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“போலாம்ப்பா.”

பந்தலை அடைந்தபோது பத்து ஐம்பது. ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அழுதிருந்தாள்.

“நல்ல நேரம் போயி இருவது நிமிஷம் ஆச்சுண்ணே.”

“டயரு பஞ்சரு தாயி,” என்றார் அப்பா.

மாமா தொண்டையைச் செருமினார். அம்மா தரையைப் பார்த்தாள்.

அவள் முன்னால் வந்தாள்.

“பஞ்சர் இல்லத்தே. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். என் வேலை.”

அத்தை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“எம்புள்ள காதுகுத்த விட அப்படி என்ன வேலை?”

அவள் வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. சர்வர் என்றால் என்ன என்பதிலிருந்தா?

அப்பா தங்கையின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“மூணு வண்டி ஓடுது தாயி. ஆசுபத்திரிக்கு ரத்தம் கேட்டுப் போற சனங்க. அதுல ஒண்ணு இப்பவோ அப்பவோன்னு இருக்கு. பெரியவன் ஒருத்தன் போன்ல சொல்றான், அப்படியே அணைச்சுப் போடுன்னு. இவ மாட்டேன்னுட்டா. இனிமே அதுல யாரையும் ஏத்தாதன்னு சொல்லிட்டு, ஏறுனவங்க எல்லாரையும் அவங்கவங்க எடத்துல எறக்கி விட்டா. கடைசில ஒரே ஒரு ஆளு. அந்த ஆளு எறங்குற வரைக்கும் இருந்துதான் இஞ்சின அணைச்சா.”

அவள் அவரைப் பார்த்தாள். தன் வேலையைப் பற்றி அவள் அவரிடம் ஒருநாளும் விளக்கியதில்லை.

அப்பா பாயில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இருத்தி, காதோரத்து முடியை ஒதுக்கினார்.

“நடுவழியில ஒருத்தரையும் எறக்கி விடல.”

தங்கைக்குச் சொன்னதுதான். ஆனால் பந்தலின் கடைசி நாற்காலி வரை கேட்கும்படி சொன்னார்.