கோணல் வரிசை

"அந்தப் படத்தைச் சுவத்துலேருந்து இறக்கும்மா. அதை இறக்கினாத்தான் இந்த வான்கோழி எனக்குத் தொண்டையில இறங்கும்."

கையில் தட்டோடு நின்றவர் ஒரெஸ்ட். அறுபத்தைந்து வயது விவசாயி. ஊர் மன்றத்துக்குத் தலைவரும் அவர்தான். அறுவடை விருந்துக்கு வந்திருந்தவர்கள் முட்டைக்கோஸ் சுருளை மறந்து இந்தப் பக்கம் காதைத் திருப்பினார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் மட்டும் கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி பெர்ரிப் பழப் பணியாரத்துக்குள் குனிந்தார்.

படத்தை வரைந்த மேவிஸுக்கு முகம் சிவந்தது. அந்தப் படத்தை மன்றத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டுவதா, வேண்டாமா என்று விருந்து முடிந்ததும் முடிவு செய்யப் போகிறார்கள். ஓவியராக அவளுக்குக் கிடைக்கவிருந்த முதல் சுவர்.

"படத்துல என்ன தப்பு, ஐயா?"

"விதை வரிசை கோணலா இருக்கு. ஜூன் மாசம் பயிர் தலை காட்டினா, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் வண்டியை மெதுவா ஓட்டி அதைத்தான் பார்ப்பான். எங்க ஊர்ல ரோட்டோர வயல்ங்கிறது மீசை மாதிரி."

"நான் கேலி பண்ணி வரையலை. படம் வரைஞ்சது போதும்னு வின்னிபெக்கை விட்டுக் கிளம்பினவ நான். கால்கரியில அக்காவோட செருப்புக் கடையில வேலைக்குச் சேரத்தான் கார்ல போனேன். ஏழு மணி நேரமா ஒரே சமவெளி, ஒரே நேர்கோடு. திடீர்னு அந்த வயல்ல ஒரு வரிசை மட்டும் வளைஞ்சுது. யாரோ அங்க ஒரு நிமிஷம் தயங்கியிருக்காங்கன்னு தோணுச்சு. எனக்குள்ளயும் அதே தயக்கம். காரை ஓரங்கட்டி அழுதேன். அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

"நீ ஒரு நாள் அழுதே. நான் நாலு மாசமா அழறேன். 'மனசைக் கரைச்ச வயல்'னு ரேடியோவுல வேற பேசிட்டே. காபிக் கடையில பகடை உருட்டுறவன்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஊர்ல பாதிப் பேர் செயற்கைக்கோளை நம்பி டிராக்டர் ஓட்டுறான். நான் இன்னும் கண்ணை நம்பித்தான். முப்பது வருஷத்துல ஒரு வரிசை பிசகினதில்லை, தெரியுமா?"

"ஒரு தடவைதானே ஐயா பிசகியிருக்கு. விடுங்களேன்."

ஒரெஸ்ட்டின் காது மடல் வரை சிவப்பேறியது. "என்ன சொன்னே?"

இப்போது மேவிஸுக்கும் சுர்ரென்று வந்தது. "ரோட்டுல போறவ பார்க்கக் கூடாதுன்னா திரை போட்டு மூடியிருக்கணும்."

"பார்க்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை. அவர் தலையசைக்காமல் சுவரும் கிடைக்காது. மேவிஸ் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். அந்த வளைவை நிமிர்த்துவதற்குப் பதில் செருப்புக் கடைக்கே போயிருக்கலாம்.

"சரி. வரிசையை நேராக்கித் தந்துடறேன்," என்றாள், குரல் உடைந்து. "உங்க வயல் மானத்தோட இருக்கட்டும்."

ஒரெஸ்ட் தட்டை மேசையில் வைத்தார்.

"என் வயலா? அது இதோ, இந்த நெல்ஸோட வயல்," என்று கொட்டாவிக்காரரைக் கை காட்டினார். "டிராக்டர்லயே தூங்கிட்டான், அதான் அந்த வளைவு. ரோட்டுக்கு இடது பக்கம் அவன். வலது பக்கம், நேர் எதிர்ல நான். நூல் பிடிச்ச மாதிரி முந்நூறு ஏக்கர். அந்தப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பினியா நீ?"

மேவிஸ் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதை இருந்த இடத்துலயே மாட்டும்மா," என்றார் ஒரெஸ்ட், சட்டைக் காலரை நீவிவிட்டபடி. "வலது பக்கச் சுவரும் காலியாத்தான் இருக்கு."