லிஃப்ட் தராத டிரைவர்

மரக்காணம் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய கணவர் ஹபீப் முஹம்மதுவைப் பார்த்ததும் மைமூன் பதறிப்போனாள்.

"உப்பளத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? ஆட்டோல வர்றீங்க?"

"கிளியனூர்ல ஒரு கண்டெய்னர் லாரிக்காரன்கிட்ட லிஃப்ட் கேட்டேன். கால் வலிக்குதுன்னு கெஞ்சியும் ஏத்த மாட்டேன்னுட்டான்."

"வயசான மனுசனைப் பார்த்தா இரக்கம் வேணாமா?"

"ஹார்பர்லேர்ந்து ஆசிட் ஏத்திட்டு வர்றானாம். அந்த வண்டில வெளியாளை ஏத்துறது சட்டப்படி தப்பாம். ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு யாருங்க பதில் சொல்றதுன்னு கேட்டான். அப்புறம் அவனே ஆட்டோ புடிச்சு என்னை ஏத்திவிட்டான்."

"என்ன இருந்தாலும் கல்நெஞ்சக்காரன்!"

ஹபீப் வாய்விட்டுச் சிரித்தார்.

"திட்டாதே மைமூன். அவன்தான் முபாரக்."

அவர்கள் மகள் நஸ்ரியாவைத் தரகர் மூலம் பெண் கேட்டிருந்த முபாரக்! ஆசிட் லாரி ஓட்டுபவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று பயந்து, இரண்டு வாரமாகத் தட்டிக்கழித்தவள் மைமூன்தான்.

"நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. வேணும்னேதான் போய்ப் பார்த்தேன். முன்னப்பின்ன தெரியாத என் உசுருக்கே அவ்ளோ பயப்படுறான். நம்ம பொண்ணை எப்படிப் பார்த்துக்குவான்!"

மைமூனின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"நஸ்ரியா, அந்தப் பையன் போட்டோவை எடுத்துட்டு வாம்மா! நான் இன்னும் சரியாவே பார்க்கல!"