நூலகக் குரல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாக நூலகத்தில், விரிவுரையாளர்களும் நூலகர்களும் சேர்ந்து பாடம் நடத்தப் பழகும் பயிற்சி நடக்கிறது. விரிவுரையாளர் நேசராஜா தன் பாதியை முடித்துக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறார். மறுபாதிக்கு நூலகர் சுகிர்தம் எழுந்து நிற்கிறாள். நூற்பட்டியல் அட்டைகள் அடுக்கிய இழுப்பறையின் மேல் காலை வெயில் கிடக்கிறது. பலாலி விமானத்தளப் பக்கமிருந்து குண்டுவீச்சு விமானத்தின் மெல்லிய இரைச்சல் வருகிறது. மேசைக் கிசுகிசுப்புகளைப் பிடித்தே பழகிய அவள் காதுக்கு மட்டும் அது கேட்கிறது. கத்த வேண்டும். இந்த மண்டபத்தில் ஒருநாளும் உயர்ந்திராத குரல் இப்போதும் உயர மறுக்கிறது. "பொம்மர் வருது, மேசைக்குக் கீழை போங்கோ" என்கிறாள். அது முன்வரிசையைக்கூட எட்டவில்லை. "மிஸ், பின்னுக்குக் கேக்கேல்லை. பலத்துக் கதையுங்கோ" என்று நேசராஜா சிரிக்கிறார். சன்னல் கண்ணாடிகள் அதிரத் தொடங்குகின்றன. அவளுடைய விரல், பழக்கதோஷத்தில், உதட்டின் மேல் போய் நிற்கிறது.