இரண்டாவது வளைவுக்கு ஒரு லென்ஸ்

“ரெண்டாவது வளைவுல ஒரு வண்டி குப்புற விழும் சார். அதைத் தெளிவா எடுக்குற மாதிரி ஒரு லென்ஸ் காட்டுங்க.”

சொன்னவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கூட வந்த பெண் கொஞ்சம் மூத்தவள். மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

கேமரா கடைக்காரருக்குச் சுருக்கென்றது. விழுந்தால் எடுப்பது வேறு, விழும் என்று தெரிந்தே எடுக்கப் போவது வேறு. ஆனால் லென்ஸ் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

“பைக் ரேஸா? யாரு எடுக்கப்போறது?”

“எங்க அண்ணி. இதுவரைக்கும் போன்லதான் எடுத்திருக்காங்க.”

“அப்ப இந்தப் பக்கமே திரும்பாதீங்க.” அலமாரியில் பீரங்கி போல் படுத்திருந்த ஒன்றைத் தட்டினார். “இது அறுநூறு எம்.எம். தூரத்துல இருக்கிறதை மூக்குக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தும். ஆனா ஊசிக் காது வழியா பாக்குற மாதிரி. நீங்க வானத்துல வண்டியைத் தேடிக்கிட்டு இருக்கறதுக்குள்ள அது அடுத்த சுத்தே வந்துடும்.”

அண்ணி சிரிக்கவில்லை.

“இது எழுபது-இருநூறு. வெளிச்சத்தை நல்லா வாங்கும். ஆனா வேலிக்கு வெளிய நின்னா வண்டி கட்டெறும்பு அளவுக்குத்தான் தெரியும். புதுசா எடுக்குறவங்களுக்கு நூறு-நானூறுதான் தோது. முதல்ல நூறுல அகலமா வெச்சு வண்டியைப் பிடிங்க. கண்ணு அதோட ஒட்டினதும், இந்த வளையத்தைத் திருகி நானூறுக்குப் போங்க.”

அதைக் கேமராவில் பூட்டி இளையவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“அண்ணிகிட்ட குடுங்க சார். அன்னைக்கு நான் அவங்க பக்கத்துல இருக்க மாட்டேன்.”

பார்க்கத் தைரியம் இல்லை போல என்று நினைத்துக்கொண்டார். அண்ணி கடை வாசலில் நின்று சாலையில் போகும் வண்டிகளைக் குறி பார்த்தாள். கேமரா நிலைகொள்ளாமல் ஆடியது.

“முழங்கையை விலாவோட ஒட்டிக்கோங்கம்மா. வண்டி போற திசையில இடுப்பைத் திருப்புங்க. ஷட்டரைக் கொஞ்சம் மெதுவா வெச்சா, வண்டி நிக்கும், பின்னால இருக்கிறதெல்லாம் கோடு கோடா ஓடும். வேகம்னா அதான் வேகம்!”

“அந்த அழகு வேண்டாம் சார்,” என்றாள் இளையவள். “போன தடவை ஒருத்தர் பக்கவாட்டுல நின்னு அப்படித்தான் எடுத்தார். சக்கரம் சுத்துறது ஜோரா இருந்துச்சு. கை இருந்த இடத்துல வெறும் கோடு.”

“யாரோட கை?”

அவள் நாற்காலியில் கிடந்த பையைத் திறந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். ஒரு பக்கம் நசுங்கி வாய் பிளந்திருந்தது. உள்ளே பஞ்சு முழுக்க ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

“எங்க அண்ணனோடது. கறுப்பு ஹெல்மெட்காரன் ஒருத்தன் இருக்கான். யாராவது ஒட்டி வந்து முந்தினா அவனுக்குப் பொறுக்காது. நேர் ரோடு முடிஞ்சு ரெண்டாவது வளைவு தொடங்குற இடத்துல, முழு வேகத்துல, இடது கையை நீட்டி அண்ணனோட பிரேக்கை ஒரே அமுக்கு. முன் சக்கரம் பூட்டிக்கிச்சு. அண்ணன் வண்டிக்கு மேல பறந்து தலைகுப்புற விழுந்தார். பின்னால வந்த வண்டி நெஞ்சு மேலயே ஏறிடுச்சு. நான் ஓடிப் போய்ப் பாத்தப்ப வாயில ரத்தம் நுரை நுரையா வந்துக்கிட்டிருந்துச்சு.”

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. மேசை விளிம்பைப் பற்றியிருந்த வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் முன்னால் நீண்டு, மெல்ல மடங்கின, மெல்ல விரிந்தன.

“நடுவருங்க என்ன சொன்னாங்க?”

“படத்துல கை தெரியலையாம். அவன் கோப்பையைத் தூக்கிக்கிட்டுப் போனான். இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஓட்டுறான்.”

கடைக்காரர் பார்வையை லென்ஸ் பக்கம் திருப்பினார். விளக்குவதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

“அப்ப பக்கவாட்டுல நிக்கக் கூடாதும்மா. வளைவுக்கு வெளிப்பக்கம், நேர் எதிர்ல நிக்கணும். ரெண்டு வண்டியும் முகத்துக்கு நேரா வரும். நடுவுல இருக்கிற சந்து பளிச்சுனு தெரியும். ஷட்டரை செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்கு வெச்சுக்கோங்க. ரத்தம் தெறிச்சாக்கூட அந்தரத்துல துளித்துளியா நிக்கும்...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் அவள் முதலில் சொன்னது நினைவுக்கு வந்தது. லென்ஸ் பெட்டியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார்.

“இரும்மா. ஞாயித்துக்கிழமை வண்டி விழும்னு உனக்கெப்படித் தெரியும்? அவனைக் கவுக்க ஆள் வெச்சிருக்கியா? அவன் துடிச்சுச் சாகுறதைப் படம் புடிச்சு வீட்டுல மாட்டி வெக்கணுமா? அந்தப் பாவத்துக்கு நான் லென்ஸ் விக்க மாட்டேன்.”

வாசலில் அண்ணி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு உடைந்து அழுதாள். “வேணாம் வேணாம்னு கால்ல விழுந்து கெஞ்சிட்டேன் சார். கேக்க மாட்டேங்குறா. நீங்களாவது சொல்லுங்க.”

இளையவள் அண்ணனின் ஹெல்மெட்டைப் பையில் வைத்து மூடினாள்.

“அவன் விழ மாட்டான் சார். ஞாயித்துக்கிழமை அவனை ஒட்டி முந்தப்போறது நான்தான்.”